மதியிறுக்கம் உள்ள மாணவர்களின் பள்ளிக்குப் பிந்தைய வாழ்வு: பழவேற்காடு மீனவக் கிராமங்கள்

மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ள மாணவர் பள்ளியை முடித்து வேலை, குடும்பப் பொறுப்பு, ஊர் வாழ்க்கை ஆகியவற்றுக்குள் நுழையும் காலம் மாறுகைக் காலம் எனப்படுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 கட்டணமில்லாக் கல்வி உரிமையை 6 முதல் 18 வயது வரை தருகிறது. 18 வயதுக்குப் பிறகு அதற்கு இணையான தொடர் ஏற்பாடு இல்லாததால், பள்ளியில் கற்ற பலரும் வீட்டிலேயே முடங்கிவிடுகின்றனர்.

பின்னணி

பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி ஆகும். இதன் தென்பகுதிக் கிராமங்கள் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் உள்ளன. சிறப்புப் பயிற்சி நிறுவனங்கள் பெரும்பாலும் சென்னையிலும் அதற்குத் தெற்கிலும் இருக்கின்றன. 2005இல் நிறுவப்பட்ட பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் உள்ளது. ஏரிக்கரையிலிருந்து அங்கு செல்லச் சென்னை நகரம் முழுவதையும் கடக்க வேண்டும். நாள்கூலியை இழந்து வாரந்தோறும் சென்றுவருவது மீனவக் குடும்பங்களுக்கு இயலாதது. எனவே பயிற்சியின் பெரும்பகுதி ஊரிலேயே அமைய வேண்டியுள்ளது.

மாறுகைத் திட்டம்

அமெரிக்கச் சட்டப்படி மாணவருக்கு 16 வயது ஆகும்போது அவரது தனிநபர் கல்வித் திட்டத்தில் மாறுகைத் திட்டமும் இடம்பெற வேண்டும். இந்தியாவில் அத்தகைய கட்டாயம் இல்லை. ஆயினும் 14 வயதளவில் தொடங்குவது நல்லது. மாணவரின் விருப்பம், தாங்க இயலாத ஒலி அல்லது வாசனை, தனியாகச் செய்யக்கூடியவை, துணை தேவைப்படுபவை ஆகியவற்றை ஆசிரியரும் பெற்றோரும் மாணவருடன் சேர்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். குளித்தல், உடுத்தல், பணம் எண்ணுதல், பேருந்தில் செல்லுதல், உடல் சார்ந்த எல்லைகளை அறிதல் ஆகியன தொழிற்பயிற்சிக்கு இணையானவை.

மதியிறுக்கம் உள்ள குழந்தைகளின் விபத்து இறப்புகளில் நீரில் மூழ்குதல் முக்கியக் காரணம். ஆகவே ஏரிக்கரை ஊர்களில் நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் முதல் பாடமாக வேண்டும்.

ஏரிக்கரைத் தொழில்கள்

ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப நிகழும் வேலைகள் மதியிறுக்கம் உள்ள பலருக்கு எளிதாகப் பொருந்தும். இறாலை அளவுவாரியாகப் பிரித்தல், எடை போடுதல், கிழிந்த வலையைப் பின்னுதல், கருவாடு காயவைத்தல், பனையோலைக் கூடை முடைதல் ஆகியவை அத்தகையவை. ஒவ்வொரு வேலையையும் சிறு படிகளாகப் பிரித்துப் படங்களாகக் காட்டலாம். "நன்றாகப் பிரி" என்பதைவிட, மூன்று கூடைகளிலும் மாதிரி இறால் ஒன்றை வைத்துக் காட்டுவது தெளிவானது. அதே சமயம், ஏல நேரக் கூச்சலும் நெரிசலும் சிலருக்குத் தாங்க முடியாதவை. அவர்களுக்கு ஏலம் முடிந்த பிறகான வேலை பொருந்தும்.

கடலோர வாழ்வில் நாள்முறை அடிக்கடி மாறும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. இத்தகைய நாட்களை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்துக் காட்டினால் பதற்றம் குறையும்.

எல்லோரையும் குடும்பத் தொழிலுக்குள் அடக்குவதும் சரியன்று. படிப்பிலோ கணினியிலோ நாட்டம் உள்ளவருக்கு அந்த வழி திறந்திருக்க வேண்டும்.

பாடு முறையும் ஊர் உரிமையும்

ஏரியில் வலை போடும் இடங்களைச் சுழற்சியாகப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களில் வழங்கிவருகிறது. ஊர்ப் பட்டியலில் தலைக்கட்டாகச் சேர்ந்தவருக்கே முறை கிடைக்கும். இங்கு வயது வந்தவராதல் என்பது ஊரின் பங்காளியாதலும் ஆகும். மதியிறுக்கம் உள்ள மகனின் பங்கை யார் கையாள்வது, வருமானம் அவரை எவ்வாறு சேரும் என்பவற்றைப் பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே ஊர்ப் பெரியவர்களுடன் பேசி முடிவுசெய்ய வேண்டும்.

சட்டப் பாதுகாப்பு

* வேலை: 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் 4 விழுக்காடு ஒதுக்குகிறது. இதில் 1 விழுக்காடு மதியிறுக்கம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குப் பொதுவானது. இதற்குக் குறைந்தது 40 விழுக்காடு பாதிப்பு உள்ளதெனச் சான்று வேண்டும்.
* பாதுகாவலர்: 18 வயதுக்குப் பிறகு தேவைப்படுவோருக்கு, தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன் கீழ் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். பாதுகாவலர் 6 மாதங்களுக்குள் சொத்துப் பட்டியல் அளிக்க வேண்டும்.
* கூட்டு முடிவு: வரம்புக்குட்பட்ட பாதுகாவலர் முறையில் முடிவுகள் மாற்றுத்திறனாளியுடன் கலந்தே எடுக்கப்பட வேண்டும்.
* மருத்துவம்: தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டம் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தருகிறது.

இவற்றுக்கெல்லாம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அடிப்படை என்பதால், பள்ளியில் படிக்கும்போதே அதைப் பெற்றுவிடுவது நல்லது.