போர்மட் அடிக்குமுன் அந்த எண்ணைப் படியுங்கள்

தெல்தோட்டை, கலஹா, ஹேவாஹெட்ட என்று கண்டிக்குத் தெற்கே மலையேறும் எங்கள் பக்கங்களில் வீட்டுக் கணினிக்கு எந்த நோய் வந்தாலும் சொல்லப்படும் மருந்து ஒன்றுதான்: “போர்மட் அடிச்சாச் சரி.” பில் போடும் பழைய மென்பொருள் ஒன்றையோ பிள்ளைகள் கேட்ட விளையாட்டு ஒன்றையோ நிறுவப் போகிறோம். ‘டொட் நெட் பிரேம்வர்க் 3.5 தேவை’ என்று திரையில் ஒரு பெட்டி வருகிறது. சரி என்று அழுத்தினால் சிறிது நேரம் ஓடிவிட்டு, நீளமான ஓர் எண்ணைக் காட்டி நின்றுவிடுகிறது. அந்த எண்ணை யாரும் படிப்பதில்லை. கணினி கடைக்குப் போகிறது. உயர்தர வகுப்புக் குறிப்புகள், கலியாணப் படங்கள், கடைக் கணக்கு எல்லாம் சேர்ந்து துடைபட்டுப் போகின்றன. இத்தனைக்கும் பிறகு அதே பெட்டி அதே எண்ணோடு மறுபடி வந்து நிற்பதுண்டு. கோளாறு கணினிக்குள்ளேயே இல்லாதபோது அதைத் துடைத்து என்ன பயன்?

பிரேம்வர்க் என்பது தனி மென்பொருள் அல்ல, பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் தளபாடம். கலியாண மண்டபத்தில் அடுப்பும் கிடாரமும் ஏற்கெனவே இருப்பதால் சமையற்காரர் சாமானோடு மட்டும் வந்து சேர்கிறார் அல்லவா, அதுபோல. பொத்தான் வரைவது, கோப்பைத் திறப்பது, திகதி கணக்கிடுவது போன்ற வேலைகளை ஒவ்வொரு நிரலாளரும் புதிதாக எழுதவேண்டியதில்லை. பிரேம்வர்க்கிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மைக்ரோசொப்ட் நிறுவனம் டொட் நெட் பிரேம்வர்க்கின் முதற் பதிப்பை 2002 பெப்ரவரியில் வெளியிட்டது. 3.5 வந்தது 2007 நவம்பரில். அதற்குள் 2.0, 3.0 இரண்டும் அடக்கம். 4.8 வந்தது 2019 ஏப்ரலில்.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். “என் கணினியில் 4.8 இருக்கிறதே, பிறகு ஏன் 3.5 கேட்கிறது?” காரணம், இவை இரண்டு தலைமுறைகள். 4.5, 4.6, 4.7, 4.8 ஆகியவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்து அமர்பவை. 3.5இன் இடத்தில் அவை எதுவும் அமராது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் குடியிருக்கும். ஆகவே 4.8 உள்ள கணினியில் 4.7ஐ நிறுவப் போனால் ‘இதைவிடப் புதியது ஏற்கெனவே உள்ளது’ என்று மறுப்பது வழுவே அல்ல. 3.5 கேட்கும் மென்பொருளுக்கோ 3.5ஐயே கொடுத்தாக வேண்டும். 2020 முதல் வந்த டொட் நெட் 5, 6, 8 போன்றவை இன்னொரு குடும்பம். அவற்றையும் தனியாகத்தான் நிறுவ வேண்டும்.

விண்டோஸ் 7இல் 3.5 உள்ளேயே இருந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது அதன் கோப்புகளை வட்டில் வைக்காமல், தேவைப்படும்போது இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி மாற்றினார்கள். விண்டோஸ் 10உம் அப்படியே. நகரத்தில் நல்ல இணைப்பு உள்ளவருக்கு இது தெரியவே தெரியாது. எங்கள் மலைப்பக்கத்தில் நிலைமை வேறு. டொங்கிளில் ஒரு கோடு சிக்னல், மாதக் கடைசியில் தீர்ந்துபோகும் டேட்டா. டேட்டாவை மிச்சம் பிடிக்க விண்டோஸ் அப்டேட் சேவையையே நிறுத்தி வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். 3.5 வந்து சேரவேண்டிய வழியும் அந்த அப்டேட் சேவைதான்! சிக்கனத்துக்காக அடைத்த கதவு பிரேம்வர்க்கையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

திரையில் வரும் எண் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 0எக்ஸ்80070422 என்றால் தேவையான சேவை முடக்கப்பட்டிருக்கிறது. ‘சேர்விசஸ்’ பகுதியில் விண்டோஸ் அப்டேட்டை மறுபடி இயக்கினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. 0எக்ஸ்800எஃப்0906 என்றால் கோப்புகளைத் தரவிறக்க முடியவில்லை. 0எக்ஸ்800எஃப்081எஃப் என்றால் மூலக் கோப்புகளையே காணவில்லை. இந்தப் பின் இரண்டுக்கும் இணையமே வேண்டாத மருந்து இருக்கிறது, அதை நம் ஊர்களில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

விண்டோஸ் நிறுவும் வட்டில் அல்லது ஐஎஸ்ஓ கோப்பில் ‘சோர்சஸ்’ என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் ‘எஸ்எக்ஸ்எஸ்’ என்று ஒன்று. 3.5இன் கோப்புகள் அங்கேதான் கிடக்கின்றன. விண்டோஸ் 10இல் அது சுமார் 70 எம்பி அளவுதான். ஐஎஸ்ஓ முழுவதும் பல ஜிபி வரும் என்றாலும், கண்டியில் வேகமான இணைப்புள்ள ஒருவரிடம் சொல்லி அந்தக் கோப்புறையை மட்டும் பென் டிரைவில் எடுத்து வந்தால் போதும். பிறகு நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ‘டிஸ்ம்’ என்ற கருவிக்கு அந்தக் கோப்புறை இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்க வேண்டும். கட்டளை மைக்ரோசொப்டின் உதவிக் குறிப்பிலேயே உள்ளது. கையால் தட்டாதீர்கள், ஓர் இடைவெளி பிசகினாலும் வேலை செய்யாது. அதையும் ஓர் உரைக் கோப்பில் ஒட்டிப் பென் டிரைவிலேயே கொண்டுவந்து, டிரைவ் எழுத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரு நிபந்தனை: கொண்டுவரும் கோப்புறை உங்கள் விண்டோஸ் பதிப்புக்குரியதாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கு 11இன் கோப்பைக் கொடுத்தால் மறுபடியும் அதே 081எஃப் தான். பலர் “இந்த வழியும் சரிவராது” என்று கைவிடுவது இந்த ஓர் இடத்தில்தான்.

யாரும் சந்தேகிக்காத இன்னொரு குற்றவாளி கடிகாரம். பழைய கணினிகளின் தாய்ப்பலகையில் நாணயம் போன்ற வட்டப் பட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்துவிட்டால், கரண்ட் போய் வந்ததும் கணினியின் திகதி பல ஆண்டு பின்னால் போய்விடும். இணையத்தில் மைக்ரோசொப்டின் சேவையகம் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. 2010இல் இருப்பதாக நம்பும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றும், தொடர்பைத் துண்டித்துவிடும். 0எக்ஸ்80072எஃப்8எஃப் என்ற எண் வந்தால் முதலில் திரையின் வலது மூலையில் திகதியைப் பாருங்கள். பட்டரியை மாற்றுவது மலிவான வேலை.

மின்வெட்டு இதைவிட ஆழமான காயமும் செய்யும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்ததை மறந்திருக்க மாட்டோம். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், சித்திரை மாதத்துப் பின்னேர இடிமழையில் கரண்ட் போவது இங்கே வழக்கம். அப்டேட் பாதியில் இருக்கும்போது கணினி அணைந்தால் விண்டோஸின் உள்ளுறுப்புக் களஞ்சியம் சிதையலாம். 0எக்ஸ்80073712 அதன் அடையாளம். அதே ‘டிஸ்ம்’ கருவியில் களஞ்சியத்தைச் சீராக்கும் கட்டளையும் உண்டு. அதை ஓடவிட்டு, அடுத்ததாக ‘எஸ்எஃப்சி’ என்ற சோதனையை ஓடவிடுங்கள். இரண்டும் நேரம் எடுக்கும். ஆனால் உங்கள் கோப்பு ஒன்றையும் தொடா. டொட் நெட்டுக்கென்றே மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் பழுதுநீக்கும் கருவியும் இருக்கிறது.

செய்யக்கூடாதது ஒன்று. ‘இந்த டிஎல்எல் கோப்பைக் காணவில்லை’ என்று வந்ததும் கண்ட தளத்திலிருந்து அந்தக் கோப்பை மட்டும் இறக்கி ஒட்டுவது. யார் என்ன கலந்து வைத்திருக்கிறார்கள் என்று அறிய வழியில்லை. பிரேம்வர்க்கை மைக்ரோசொப்டிடமிருந்தே எடுங்கள்.

3.5க்கான ஆதரவு 2029 ஜனவரி 9 அன்று முடிகிறது. அதை நம்பியிருக்கும் பில் மென்பொருள் உங்கள் கடையில் இருந்தால், மாற்று ஒன்றை இப்போதே விசாரித்து வையுங்கள். அதுவரையில், அடுத்த தடவை அந்தப் பெட்டி வரும்போது போனை எடுத்து அந்த எண்ணைப் படம் பிடியுங்கள். கடைக்குக் கொண்டுபோனாலும் கணினியைக் கொடுக்குமுன் அந்தப் படத்தைக் காட்டுங்கள். போர்மட்தான் ஒரே வழி என்று சொன்னால், பிள்ளையின் குறிப்புகளை வேறொரு டிரைவுக்கு மாற்றி, அவை திறக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.