வாடகைச் சர்வரும் மெய்நிகர் முறைகளும்

இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. கேரளப் பள்ளிகளுக்கென அதே ஆண்டில் ஏற்பட்ட ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், 2017-இல் கைட் என்னும் நிறுவனமாக உருப்பெற்று, அந்நகரின் பூஜப்புரையிலிருந்து செயற்பட்டு வருகிறது. லினக்ஸ் இயக்க அமைப்பைக் கையாளப் பழகிய ஆசிரியர்கள் அம்மாநிலத்தில் ஏராளமாக இருப்பதற்கு இதுவே காரணம். மூடில் பாடத்தளம், விக்கி, கோஹா நூலகப் பட்டியல் போன்றவற்றைத் தாமே நடத்த விரும்பும் பள்ளிகள், மாத வாடகைக்கு மெய்நிகர் சர்வர் ஒன்றைப் பெறுவதுண்டு. அது எம்முறையில் அமைந்ததாக இருத்தல் வேண்டும்: ஓபன்விஇசட்டா, ஸென்னா, கேவிஎம்மா? மூன்றும் கட்டற்ற மென்பொருள்களே. விலைப்பட்டியலில் நினைவகமும் வட்டும் ஒரே அளவாகக் காட்டப்பட்டிருக்கலாம். உண்மையான வேறுபாடு அவ்வெண்களில் தென்படுவதில்லை.

மெய்நிகர் சர்வர் என்பது ஒரு பெரிய கணிப்பொறியைப் பல தனிக் கணிப்பொறிகள்போல் இயங்கச் செய்யும் ஏற்பாடாகும். இக்கருத்து புதியதன்று, ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே வி.எம். 370 என்னும் அமைப்பை வெளியிட்டது. ஆனால் நாம் அன்றாடம் காணும் எக்ஸ்86 வகைச் செயலிகள் இதற்கென வகுக்கப்பட்டவையல்ல. பென்டியம் செயலியில் இப்பணிக்கு இடையூறான கட்டளைகள் 17 உள்ளன என 2000-ஆம் ஆண்டின் ஆய்வொன்று கண்டது. அவ்விடையூற்றைக் கடக்க எழுந்தவையே இன்றைய முறைகள்.

ஓபன்விஇசட், 2005-இல் வெளிவந்தது. இது கணிப்பொறியைப் பிரிப்பதில்லை. கெர்னல் எனப்படும் இயக்க அமைப்பின் உட்கருவைப் பொதுவாக வைத்துக்கொண்டு, அதன்மேல் கலன்கள் என்னும் அறைகளை மட்டும் தடுக்கிறது. ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொண்டால் போதும். அறை தனி, கிணறும் முற்றமும் பொது. வீண்செலவு குறைவாதலால் வாடகையும் குறைவு. கலன் சில விநாடிகளில் எழும். நிறுத்தாமலேயே நினைவகத்தைக் கூட்டலாம். ஆயினும் குடியிருப்போர் கெர்னலை மாற்ற இயலாது. ஓபன்விஇசட் 6 நெடுங்காலம் 2.6.32 கெர்னலிலேயே நின்றது. டாக்கர் மென்பொருளுக்கோ 3.10 கெர்னலாவது தேவை. ஆகவே அக்கலன்களில் டாக்கரை நிறுவ முயன்றோர் ஏமாற்றமே அடைந்தனர். வி.பி.என். அமைப்பதற்கும் உரிமையாளரின் தயவு வேண்டும்.

இதனினும் கவலைக்குரியது நினைவகம். கலன்களில், இருப்பதைவிட மிகுதியாக விற்றல் எளிது. எல்லோரும் ஒரே வேளையில் நீர் இறைக்க வாரார் என்னும் நம்பிக்கையே அதற்கு அடிப்படை. தேர்வு முடிவு வெளியாகும் காலையில் மாணவர் அனைவரும் ஒருங்கே தளத்தைத் திறக்கும்போது தரவுத்தளம் நின்றுபோனால், குற்றம் பள்ளியினது போலத் தோன்றும். காரணம் அண்டை அறையில் இருக்கலாம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003-இல் அறிமுகமான ஸென், வேறு வழியை மேற்கொண்டது. இதில் ஒவ்வொருவர்க்கும் தனிக் கெர்னல் உண்டு. ஆனால் அது, தான் மெய்நிகரான சூழலில் இருப்பதை அறிந்து, தடைப்படும் செயல்களை ஹைபர்வைசர் என்னும் மேலாளரிடம் கேட்டுப் பெறுமாறு திருத்தப்பட்டிருக்கும். 2005-இல் இன்டெலும் 2006-இல் ஏ.எம்.டி.யும் செயலியிலேயே மெய்நிகர் வசதியைச் சேர்த்தபின் இத்திருத்தம் இன்றியமையாததாக இல்லை. ஸென்னும் அவ்வசதியை ஏற்றது. அதன்மீதே எழுந்த கேவிஎம், 2007 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.20-இல் இடம்பெற்றது. இதில் கெர்னல் முழுவதும் குடியிருப்போருக்கே உரியது; விரும்பிய இயக்க அமைப்பை நிறுவலாம். இது தனி வீடு எனலாம். ஸென்னில் தொடங்கிய அமேசான் நிறுவனமும் 2017-இல் கேவிஎம் அடிப்படைக்குத் திரும்பத் தொடங்கியது.

2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன் என்னும் செயலிக் குறைபாடு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியது. பொதுக் கெர்னலை நம்பிய கலன்களிலிருந்தும், ஸென்னின் பழைய 64 பிட் முறையிலிருந்தும் பிறர் நினைவகத்தைப் படிக்க வழி ஏற்பட்டது. கேவிஎம் சர்வரின் உள்ளிருந்து அவ்வழியில் வெளியே எட்டிப் பார்க்க இயலவில்லை. உடன் வெளியான ஸ்பெக்டர் குறைபாட்டுக்கோ கேவிஎம்மும் தப்பவில்லை.

ஆகவே மாணவர் பெயரும் மதிப்பெண்ணும் தாங்கும் தளத்திற்குச் சிறிது கூடுதல் வாடகையேனும் தந்து கேவிஎம்மைப் பெறுதலே தக்கது. பள்ளியின் அறிவிப்புப் பக்கம், பயிற்சிக்கான விக்கி போன்றவற்றுக்குக் கலன் தாராளமாகப் போதும். அதற்குமேல் செலவிடல் வீண்.

சர்வர் கைக்கு வந்த நாளிலேயே சோதித்தல் நலம். சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் என்னும் கட்டளை, எம்முறையில் இயங்குகிறது என்பதைக் கூறிவிடும். ஓபன்விஇசட் 6 ஆயின், ப்ராக் அடைவிலுள்ள யூசர்-பீன்கவுண்டர்ஸ் கோப்பின் கடைசிப் பத்தியைக் காண்க. அங்குள்ள எண், எத்தனை முறை கேட்டது மறுக்கப்பட்டது என்பதாம். கேவிஎம்மிலும் செயலியை மிகுதியாகப் பங்கிட்டிருக்கக் கூடும். டாப் கட்டளையின் எஸ்.டி. என்னும் எண் வேலை மிகுந்த நேரத்தில் தொடர்ந்து உயர்ந்து நிற்குமாயின், செயலியின் நேரம் அண்டை வீட்டுக்குச் செல்கிறது என்று பொருள். அடுத்த மாத வாடகையைச் செலுத்துமுன் உரிமையாளரிடம் இதைக் கேட்கலாம்.