ஒலிபெருக்கியின் முதுமை

இசையில் நாட்டமுள்ளோர் வீடுகள் பலவற்றிலே, கூடத்தின் இரு மூலைகளிலும் இரண்டு மரப்பெட்டிகள் நிற்பதை நேயர்கள் கண்டிருப்பர். வாங்கிய காலத்தில் வீட்டுக்கே அணியாய் விளங்கியவை அவை. இன்று ஒன்றின் மேல் பூச்சாடியும் மற்றதன் மேல் பேரப்பிள்ளைகளின் படமும் இருக்கின்றன. பாட்டு ஒன்றை வைத்தால் ஒரு பெட்டி கரகரக்கின்றது. மற்றது ஒலிக்கின்றதா இல்லையா என்பதைக் காதை அருகே கொண்டுசென்றுதான் அறியவேண்டியிருக்கின்றது. இவற்றைத் திருத்துவதா, அன்றி எறிந்துவிட்டுப் புதியன வாங்குவதா? வீட்டார் இருவேறு கட்சியாகப் பிரிந்து வாதிடுவதற்கு இவ்வொரு வினாவே போதும். வாதத்தை முடிவுசெய்ய வேண்டுமாயின், பெட்டியின் எவ்வுறுப்பிலே முதுமை குடிகொண்டுள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியில் பணியாற்றிய ரைஸ், கெலொக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வே இன்றைய ஒலிபெருக்கிக்குக் கால்கோள் எனலாம். ஒரு காந்தம், அதன் இடைவெளியிலே தொடாமல் அசையும் ஒரு கம்பிச்சுருள், அச்சுருளோடு ஒட்டிய ஒரு கடதாசிக் கூம்பு. மின்னோட்டத்துக்கு ஏற்பச் சுருள் முன்னும் பின்னும் ஆட, கூம்பு காற்றைத் தள்ளுகின்றது. நூறு ஆண்டுகள் சென்றும் அடிப்படை மாறவில்லை. இவ்வுறுப்புக்களுள் காந்தம் எளிதில் மூப்படைவதன்று. நல்ல மரப்பெட்டியும் கறையானுக்கும் நீருக்கும் தப்பினால் மனிதரைவிட நெடுங்காலம் வாழும். கூம்பின் வெளிவிளிம்பைச் சட்டத்தோடு பிணைத்து, அதனை ஆடவும் விட்டு விலகாமலும் காக்கும் மெல்லிய வளையம் ஒன்று உண்டே, பெரும்பாலான பெட்டிகளில் அதுவே முதலில் மடிகின்றது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக அமைவது ஏ.ஆர். என்ற பெயர்பெற்ற பெட்டிகளின் வரலாறு. நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் ஒலிமீட்பு பற்றிக் கற்பித்த எட்கார் வில்ச்சூர் என்பவர், தம் மாணவராயிருந்த ஹென்றி குளோஸுடன் சேர்ந்து 1954ஆம் ஆண்டில் அக்கூஸ்டிக் ரிசேர்ச் கம்பனியைத் தொடங்கினார். அதுவரை ஆழ்ந்த மந்தர ஒலி வேண்டுமாயின் அலுமாரியளவு பெட்டி வேண்டும். வில்ச்சூரோ, கூம்பை மிகத் தளர்வாகத் தொங்கவிட்டு, காற்றுப் புகாது அடைத்த சிறு பெட்டியினுள் அகப்பட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தினார். புத்தகத் தட்டில் வைக்கத்தக்க பெட்டியிலிருந்து அடித்தொனி எழுந்தது கண்டு அக்காலத்தோர் வியந்தனர். 1958இல் ஏ.ஆர். 3 வெளிவந்தது. மேடையில் நால்வர் நரம்பிசைக் குழுவொன்று வாசித்துக்கொண்டிருக்க, இடையிடையே அவர்கள் கையசைவை மாத்திரம் நடித்து, ஒலியைப் பெட்டிகளே தரும்படி செய்த நிகழ்ச்சிகளைக் கம்பனியார் நடத்தினர். எங்கே மாறியது என்று சபையோர் பலரால் கூற முடியவில்லை. 1967இல் வந்த ஏ.ஆர். 3ஏ இன்றும் பலரிடம் உண்டு.

இப்பெட்டிகளுள் முந்தியனவற்றின் விளிம்பு, பசை பூசிய துணியால் ஆனது. பின்னர் வந்தனவற்றில் துணிக்குப் பதிலாக நுரைப்பஞ்சு இடப்பட்டது. இங்கேதான் வேடிக்கை. பழைய துணி அரை நூற்றாண்டு கடந்தும் பெரும்பாலும் நிலைத்துநிற்க, புதிய நுரைப்பஞ்சு பத்து இருபது ஆண்டுகளில் பொடிப்பொடியாய் உதிர்ந்தது. ஏ.ஆர். மட்டுமன்று, 1970களிலும் 1980களிலும் உலகின் பெருங் கம்பனிகள் பலவும் இந்நுரைப்பஞ்சையே நம்பின. காற்றிலுள்ள நீராவி அதன் மூலக்கூற்றுப் பிணைப்புக்களை மெல்ல மெல்ல அறுக்கின்றது. வெப்பமும் வெளிச்சமும் அதற்குத் துணைசெய்கின்றன. கடற்கரை ஈரமும் ஆண்டு முழுவதும் வெம்மையும் உள்ள நம் நாட்டிலே அதன் ஆயுள் எத்துணைக் குறுகியது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இறப்பர் விளிம்புள்ள பெட்டியை வைத்திருப்போர் நற்பேறுடையோர்.

ஆகவே, விளிம்பு உதிர்ந்த ஒரே காரணத்துக்காக ஒலிபெருக்கி செத்துவிட்டது என்று முடிவுகட்டுதல் பெரும் பிழை என்பது என் துணிபு. மிருதங்கத்தை எண்ணிப் பாருங்கள். பலாக்கட்டை பாட்டன் காலத்ததாக இருக்கும். தோலோ எத்தனை முறை மாற்றி மூட்டப்பட்டதென்று எவரும் கணக்கு வைப்பதில்லை. நாதஸ்வரத்தின் சீவாளி தேய்ந்தால் வேறு சீவாளி செருகுவரேயன்றிக் குழலை அடுப்பில் வைப்பாரில்லை. தேய்வதற்கென்றே அமைந்த உறுப்பு, தேயாத உறுப்பு என்னும் வேறுபாட்டை நம் வாத்தியக்காரர் நன்கறிவர். ஒலிபெருக்கியை வாங்குவோர்க்கு மாத்திரம் இதனை எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சோதிக்கும் முறை எளிது. முன்புறத் துணியைக் கழற்றி விளிம்பை விரல்நுனியால் மெல்லத் தொடுக. பிசுபிசுத்தாலோ உதிர்ந்தாலோ அது முடிந்தது. பின்னர் இரு கை விரல்களாலும் கூம்பைச் சமமாக, மிக மெதுவாக உள்ளே அழுத்துக. உரசும் ஓசை கேட்டால் சுருள் காந்தத்தில் உராய்கின்றது. அது விளிம்பைவிடப் பெரிய நோய். இரு பெட்டிகளின் கம்பிகளையும் இடம் மாற்றி இணைத்துப் பார்த்தலும் வேண்டும். குறை அதே பெட்டியில் நின்றால் பெட்டியே குற்றவாளி; மறுபெட்டிக்குத் தாவினால் குற்றம் அம்பிளிபயரில் அல்லது அதற்கு முன்னால் உள்ளது. பெட்டியினுள்ளே உச்ச ஒலியையும் மந்தர ஒலியையும் பிரித்தனுப்பும் மின்சுற்று ஒன்றுண்டு. அதிலுள்ள கொள்ளளவிகள் (கடைக்காரர் கண்டென்சர் என்பர்) ஆண்டுகள் செல்லச் செல்லத் தம் அளவினின்றும் பிறழும். ஏ.ஆர். 3ஏயில் 6, 50, 150 மைக்ரோபரட் அளவுள்ள மூன்று கொள்ளளவிகள் உண்டு. அதன் பின்புறத்துள்ள ஒலியளவுத் திருகிகள் களிம்பேறி அடைத்துக்கொள்வதும், உச்ச ஒலி அற்றுப்போவதும் அதனை வைத்திருந்தோர் யாவரும் அறிந்ததே.

இன்னொரு சோதனையும் உண்டு, பலர் விரும்பாதது. இருபது வயதிலே ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்ட செவி, அறுபதிலே பெரும்பாலோர்க்கு 12,000ஐயும் எட்டுவதில்லை. சல்லரியின் மினுக்கம் மங்கிவிட்டதென்று பெட்டியைக் குறைகூறு முன், வீட்டிலுள்ள இளையவர் ஒருவரை அருகே அமர்த்தி, அவருக்கும் அவ்வாறே கேட்கின்றதா என்று வினவுதல் நன்று.

திருத்துவது என்று துணிந்தால் வேலையின் தன்மையையும் அறிந்திருத்தல் வேண்டும். பழைய பஞ்சையும் பசையையும் கூம்பு கிழியாமல் சுரண்டி எடுப்பதுதான் நீண்ட வேலை. நடுமூடியைக் கழற்றி, சுருளுக்கும் காந்தத் தண்டுக்கும் இடையே மெல்லிய தாள்கீற்றுக்களைச் செருகி, சுருள் நடுவில் நிற்கும்படி நிறுத்திய பின்னரே புதிய வளையத்தை ஒட்டுவர். பசை நன்கு காயும்வரை, ஒரு முழுநாளேனும், அதைத் தொடலாகாது. வளையம் விட்டத்தால் பொருந்தினால் மாத்திரம் போதாது, மென்மையாலும் பொருந்தவேண்டும். தடித்த வளையம் கூம்பை இறுக்கிப் பிடிக்க, மந்தர ஒலி மறைந்துவிடும். வில்ச்சூரின் முறையிலமைந்த பெட்டியாயின் சிறு காற்றொழுக்கும் ஆகாது. அடைபட்ட காற்றே அதன் வில்லாதலின். ஒன்றுமட்டும் பழுதாயினும் இரண்டையும் ஒருசேரத் திருத்துவதே முறை. ஸ்டீரியோ ஒலியிலே பாடகர் நடுவில் நின்று பாடுவதுபோலத் தோன்றுவது இரு பெட்டிகளும் ஒத்த குரலுடையனவாய் இருப்பதனாலாம். ஒன்று இளமையும் மற்றது முதுமையுமானால் பாடகர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்.

எல்லாவற்றையும் திருத்தவேண்டும் என்பதும் என் கருத்தன்று. அட்டைபோன்ற மெல்லிய பெட்டியில், வாங்கிய நாளிலேயே இனிமையற்று ஒலித்தவற்றுக்கு மருந்து வேண்டாம். சுருள் கருகி, அதே உறுப்பு எங்கும் கிடைக்காதபோது வேறெதையோ பொருத்தி ஒப்பேற்றினால், பழைய பெயர் மாத்திரம் மிஞ்சும், ஒலி மிஞ்சாது. ஆயின் புதியதை வாங்குவோரும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கம்பியின்றி இயங்கும் இன்றைய பெட்டிகள் பலவற்றில் அம்பிளிபயரும் மென்பொருளும் உள்ளேயே உள்ளன. சோனோஸ் கம்பனி தன் பழைய பெட்டிகள் சிலவற்றுக்குரிய மென்பொருட் புதுப்பித்தலை 2020ஆம் ஆண்டில் நிறுத்தியபோது, காந்தமும் கூம்பும் பழுதுறாத பெட்டிகளை வைத்திருந்தோர் திகைத்தனர். அந்நோய்க்கு ஊர்த் திருத்துநரிடம் மருந்து இல்லை.

ஊர்த் திருத்துநர் என்றதும் மனம் சற்றே பின்னோக்கிச் செல்கின்றது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில், இந்நாட்டு வானொலிப் பெட்டிகளையெல்லாம் வாழவைத்தவர்கள் சிறுகடைகளில் ஈயப்பற்றுக்கோலோடு குந்தியிருந்த இம்மனிதர்களே. 1990களில் மின்சாரமும் பற்றறியும் அற்றிருந்த யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனங்களுக்கும் அக்கைவினையே துணைநின்றது. அவ்வித்தை அறிந்தோர் இன்று முதியோர். அவர்தம் கடைகளிற் பலவற்றில் இப்பொழுது கைத்தொலைபேசி உறைகள் தொங்குகின்றன. நாம் பெட்டியை எறியும் ஒவ்வொரு தடவையும் அவரிடம் செல்லும் வேலையும் ஒன்று குறைகின்றது. வேலையில்லாத கடையிலே பழகுவதற்கு எந்த இளைஞன் வந்து நிற்பான்?

எனவே, விளிம்பு மாத்திரம் உதிர்ந்த நல்ல பெட்டியாயின், திருத்துநர் உயிரோடிருக்கும் இவ்வாண்டிலேயே அதனை அவரிடம் கொண்டுசெல்க. கூம்பு நெளிந்து சுருள் உராயும்வரை வைத்து வாசிக்கவேண்டாம். திருத்த இயலாததாயினும் குப்பையில் இடவேண்டாம். உச்ச ஒலிக்குரிய சிறு ஒலிபெருக்கி, காந்தம், சட்டம், மின்சுற்று ஆகியவற்றுள் ஒன்றேனும் நல்ல நிலையில் இருக்கும். கழற்றாமல் அப்படியே அவர் கடையில் ஒப்படைத்தால், அதே இனப் பெட்டி வேறொருவர் வீட்டிலிருந்து வரும்போது அவருக்கு அது பயன்படும்.