கை குலுக்கிவிட்டுக் கட்டிப் புரள்வோம்!



ராஜபாளையம் நாய்க்குட்டிகள் விளையாடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் தெருவில் இரண்டு குட்டிகள் இருக்கின்றன. பால் போல வெள்ளை உடம்பு; ரோஜா நிற மூக்கு. காலையில் நான் காப்பி டம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்தால் போதும், அவற்றின் மல்யுத்தம் தொடங்கிவிடும். ஒன்று மற்றொன்றைக் கீழே தள்ளும், காதைக் கவ்வும், புரளும். கொஞ்ச நேரத்தில் கீழே கிடந்தது மேலே வந்துவிடும்.

ஒரு குட்டி கொஞ்சம் அழுத்திக் கடித்துவிட்டால் மற்றது ‘கீய்ங்’ என்று கத்தும். உடனே ஆட்டம் நின்றுவிடும். கடித்த குட்டி ஒரு நிமிடம் சும்மா நிற்கும். பிறகு முன்னங்கால்களை நீட்டி, தலையைத் தாழ்த்தி, ‘விளையாட வர்றியா?’ என்று கேட்பதுபோல் வாலை ஆட்டும். மறுபடியும் ஆட்டம் தொடங்கும்.

அந்தக் குட்டிகளுக்கு யாரும் விதிப் புத்தகம் கொடுக்கவில்லை. ஆனாலும் ஒரு விதி அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. கூட விளையாடுகிறவனுக்குக் காயம் பட்டால் அது விளையாட்டே இல்லை! மல்யுத்தத்தின் பெரும்பாலான விதிகள் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவைதான்.

பழைய மல்லர்கள்

மல்யுத்தம் வடநாட்டு விளையாட்டு என்று நினைக்கிறீர்களா? இல்லை. ‘மற்போர்’ என்பது நம் பழைய சொல். சோழ மன்னன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூர் என்னும் ஊரில் ஒரு மல்லனோடு பொருது வீழ்த்தியதைப் புறநானூறு சொல்கிறது. 7-ஆம் நூற்றாண்டின் பல்லவ மன்னன் நரசிம்மவர்மனுக்கு ‘மாமல்லன்’ என்று பட்டப்பெயர். மாமல்லபுரம் அவன் பெயரால் வந்த ஊர்.

ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும். அங்கே வாழ்ந்த பெரியாழ்வார், திருப்பல்லாண்டின் தொடக்கத்திலேயே மல்லர்களை வென்ற கண்ணனின் தோளைத்தான் பாடுகிறார். ஆண்டாளும் திருப்பாவையில் அதே மல்லர்களை நினைவுகூர்கிறாள்.

ஆனால், அந்தக் கண்ணன் கதையில் தோற்ற மல்லர்கள் உயிரோடு திரும்பவில்லை. இன்றைய மல்யுத்தத்தில் தோற்றவன் எழுந்து, கை குலுக்கிவிட்டு, வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடுகிறான். இந்தப் பெரிய மாற்றத்தைச் செய்தவை விதிகள்தான்.

களமும் நடுவர்களும்

இப்போது போட்டிகள் மெத்தை போன்ற விரிப்பின் மேல் நடக்கின்றன. அதில் 9 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம். ஒருவர் சிவப்பு உடை, மற்றவர் நீல உடை.

‘ஃப்ரீ ஸ்டைல்’ வகையில் காலையும் பிடிக்கலாம். ‘கிரேக்கோ ரோமன்’ வகையில் இடுப்புக்குக் கீழே பிடிக்கவே கூடாது. பெண்கள் போட்டியிடுவது ஃப்ரீ ஸ்டைலில்.

பெரியவர்களுக்கு 3 நிமிடம் வீதம் இரண்டு சுற்றுகள். 15, 17 வயதுக்கு உட்பட்டோர் பிரிவுகளில் 2 நிமிடம் வீதம் இரண்டு சுற்றுகள். நடுவில் 30 விநாடி ஓய்வு.

களத்தில் நிற்கும் நடுவரின் இடது கையில் சிவப்புப் பட்டை, வலது கையில் நீலப் பட்டை இருக்கும். சிவப்பு வீரருக்கு இரண்டு புள்ளி என்றால், இடது கையை உயர்த்தி இரண்டு விரல்களைக் காட்டுவார். அவர் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. வெளியே இன்னும் இரண்டு நடுவர்கள் இருக்கிறார்கள். மூவரில் இருவர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

புள்ளிக் கணக்கு

* எதிராளியை வட்டத்துக்கு வெளியே கால் வைக்கச் செய்தால் 1 புள்ளி.
* கீழே அகப்பட்டவர் தப்பி, மேலே வந்து பிடித்துவிட்டால் 1 புள்ளி.
* நிற்பவரைத் தரைக்குக் கொண்டுவந்து, பின்னால் போய் அடக்கிவிட்டால் 2 புள்ளி.
* எதிராளியின் முதுகைத் தரைப்பக்கம் திருப்பினால் 2 புள்ளி.
* நிற்பவரைத் தூக்கிப்போட்டு, நேராக முதுகு தரையைப் பார்க்கும்படி விழச் செய்தால் 4 புள்ளி.
* அதையே பெரிய வளைவாகத் தூக்கி வீசிச் செய்தால் 5 புள்ளி.

ஃப்ரீ ஸ்டைலில் 10 புள்ளிகள் முன்னிலை பெற்றால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. கிரேக்கோ ரோமனில் 8 போதும். இதுவும் இரக்கமுள்ள விதிதான். மிகவும் பின்தங்கிவிட்டவரை மேலும் மேலும் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம் அல்லவா?

புள்ளிகளையெல்லாம் மீறிய வெற்றி ஒன்று உண்டு. எதிராளியின் இரண்டு தோள்களும் விரிப்பில் படும்படி அழுத்திப் பிடித்துவிட்டால், அந்த நொடியிலேயே வெற்றி! அதுவரை எத்தனை புள்ளி பின்தங்கியிருந்தாலும் கவலை இல்லை.

இப்போது ஒரு கணக்கு. சிவப்பு வீரர் 4 + 1 = 5 புள்ளி. நீல வீரர் 2 + 2 + 1 = 5 புள்ளி. நேரம் முடிந்துவிட்டது. வென்றவர் யார்? விடை கட்டுரையின் கடைசியில்!

செய்யக் கூடாதவை

தலைமுடியை இழுக்கக் கூடாது. காதைப் பிடிக்கக் கூடாது. கடிக்க, கிள்ள, குத்த, உதைக்கக் கூடாது. விரலை முறுக்கக் கூடாது. கழுத்தை நெரிக்கக் கூடாது. நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், காப்பு கூடாது. உடம்பில் எண்ணெய் தடவக் கூடாது. சொறி, படை போன்ற தோல் நோய் இருந்தால் டாக்டர் அனுமதிக்க மாட்டார். அது எதிராளிக்கும் ஒட்டிக்கொள்ளும்.

சிறுவர்களுக்கு இன்னும் கூடுதல் பாதுகாப்பு. இரண்டு கைகளாலும் எதிராளியின் கழுத்தைப் பூட்டி அழுத்தும் ‘டபுள் நெல்சன்’ என்ற பிடி, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் பிரிவுகளில் தடை செய்யப்பட்டது. வளரும் கழுத்து அல்லவா?

டி.வி.யில் காட்டும் ‘ரெஸ்லிங்’கில் நாற்காலியால் அடிக்கிறார்களே என்று கேட்பீர்கள். அது பழகிப் பழகிச் செய்யும் காட்சி. யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து வகுப்பறையில் நண்பனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சிமெண்ட் தரைக்கு விதி தெரியாது.

கடித்தவரும் கடிபட்டவரும்

2021 ஆகஸ்ட். டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதி, 57 கிலோ பிரிவு. நம் ரவி குமார் தாஹியா ஒரு கட்டத்தில் 2-9 என்று பின்தங்கியிருந்தார். சளைக்கவில்லை. கடைசி நேரத்தில் கஜகஸ்தான் வீரர் சனாயெவின் தோள்களை விரிப்பில் அழுத்திவிட்டார். விடுபடத் துடித்த சனாயெவ், ரவியின் கையில் கடித்துவிட்டார்! ரவி வலியைப் பொறுத்துக்கொண்டாரே தவிர, திருப்பிக் கடிக்கவில்லை. பிடியை விடவும் இல்லை. வென்று, இறுதிப் போட்டிக்குப் போய், வெள்ளிப் பதக்கமும் பெற்றார். மறுநாள் சனாயெவ் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதாக ரவியே பிறகு சொன்னார்.

இன்னொரு கதையும் கேளுங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் சுவீடன் வீரர் ஆரா ஆப்ரஹாமியன், நடுவர் தீர்ப்பு தவறு என்ற கோபத்தில், தனக்குக் கிடைத்த வெண்கலப் பதக்கத்தைக் களத்தின் நடுவே வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒலிம்பிக் குழு அந்தப் பதக்கத்தைப் பறித்துவிட்டது.

நடுவர் தவறு செய்வாரா? செய்யலாம். அதற்கும் வழி இருக்கிறது. பெரிய போட்டிகளில் பயிற்சியாளர் ஒரு பஞ்சுக் கட்டையைக் களத்தில் எறிந்து, ‘வீடியோவைப் பாருங்கள்’ என்று முறையிடலாம். முறையீடு தோற்றால் எதிராளிக்கு ஒரு புள்ளி போய்விடும். எனவே, கோபத்தில் எறியக் கூடாது!

ஆட்டம் தொடங்கும் முன் எதிராளியோடு கை குலுக்க வேண்டும். முடிந்த பிறகும் குலுக்க வேண்டும். நடுவருக்கும், எதிராளியின் பயிற்சியாளருக்கும் கை கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும். தோற்ற பிறகு கொடுக்கும் கைதான் கனமானது.

நான் செய்த தவறு

மல்யுத்தத்தில் எடைப் பிரிவு முக்கியம். உலகப் போட்டிகளில் 15 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு 34-38 கிலோ முதல் 75-85 கிலோ வரை 10 பிரிவுகள். சமமான உடம்புகள் மோத வேண்டும் என்பதற்காக வந்த நல்ல விதி. அந்த நல்ல விதியை வைத்தே கெடுதலும் செய்யலாம். நானே செய்திருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன், நம் பக்கத்துக் கபடிப் போட்டி ஒன்று. அதிலும் எடை பார்த்துத்தான் சேர்ப்பார்கள். என் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு கிலோ கூடுதலாக இருந்தான். நன்றாகப் பாடிப் போகிறவன். அவனை விட எனக்கு மனமில்லை. “ராத்திரி சாப்பிடாதே, காலையில் தண்ணீரும் குடிக்காதே” என்று சொன்னேன். மறுநாள் எடை சரியாக இருந்தது. இரண்டாவது ஆட்டத்தில், வெயிலில், கோட்டருகே சுருண்டு விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மில்லில் நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமல் ஓடி வந்த அவன் அம்மா என்னிடம் கோபப்படவில்லை. “ஆக்கி வச்ச சோறு அப்படியே இருந்துச்சு சார். சார் சொன்னாங்கன்னு சொன்னான். அதான் நானும் விட்டுட்டேன்” என்றார். அந்த ‘சார் சொன்னாங்க’ இன்றும் என் காதில் இருக்கிறது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் 50 கிலோ பிரிவில் ஒரே நாளில் மூன்று பேரை வென்று இறுதிக்கு வந்தார். இரவெல்லாம் எடை குறைக்கப் பாடுபட்டும், மறுநாள் காலை வெறும் 100 கிராம் கூடுதல். தகுதி நீக்கம்! நாடே அழுதது. அவர் பெரியவர், தேர்ந்த வீராங்கனை, கூடவே டாக்டர்கள் இருந்தார்கள். அவருக்கே அவ்வளவு சிரமம் என்றால், வளர்கிற பிள்ளைகள் பட்டினி கிடக்கலாமா?

எனவே செல்லங்களே, எடை கூடினால் அடுத்த பிரிவில் ஆடுங்கள். எந்த சார் சொன்னாலும், சாப்பாட்டையும் தண்ணீரையும் விடாதீர்கள். அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள். எதிராளியின் உடம்பைக் காக்கத்தான் இத்தனை விதிகள். உங்கள் உடம்பைக் காக்கும் விதி இது.

மல்யுத்தம் கற்க ஆசையா? உங்கள் பி.டி. சாரிடம் கேளுங்கள். பயிற்சியாளர் இல்லாமல், விரிப்போ பதமான மண்ணோ இல்லாமல் இறங்காதீர்கள். உலகப் போட்டிகளில் மோத 14 வயது ஆக வேண்டும். 13 வயது என்றால் டாக்டர் சான்றிதழும் பெற்றோர் அனுமதியும் வேண்டும். அதுவரை உருளவும், பாதுகாப்பாக விழவும் பழகலாம்.

அந்தக் கணக்கின் விடை? சிவப்பு வீரரே வென்றவர். புள்ளி சமமானால், அதிக மதிப்புள்ள பிடியைப் போட்டவருக்கே வெற்றி. அவரிடம் 4 புள்ளிப் பிடி இருக்கிறதே!

சரியாகச் சொன்னீர்களா? அப்படியானால் பக்கத்தில் இருப்பவரோடு ஒருமுறை கை குலுக்குங்கள். தவறாகச் சொன்னீர்களா? நீங்களும் குலுக்குங்கள்!