இரண்டாவது பாலிசி எந்த ரூபாயிலிருந்து தொடங்குகிறது?

ஓய்வு பெறும் ஆண்டில் ஆசிரியர்களுக்கு இரண்டு வகைத் தொலைபேசி அழைப்புகள் அதிகம் வரும். ஒன்று, பணிக்கொடைப் பணத்தை எங்கே போடலாம் என்று சொல்பவர்களிடமிருந்து. மற்றொன்று, மருத்துவக் காப்பீடு விற்பவர்களிடமிருந்து. இரண்டாவது அழைப்பில் இப்போது அடிக்கடி வரும் சொல் சூப்பர் டாப்-அப். "சார், உங்களுக்கு கவர்மென்ட் இன்சூரன்ஸ் அஞ்சு லட்சம் இருக்கு இல்லையா, அதுக்கு மேல இருபது லட்சம் போட்டுக்குங்க, பிரீமியம் ரொம்பக் கம்மி" என்பார்கள். பிரீமியம் கம்மி என்பது உண்மைதான். ஏன் கம்மி என்பதை வாங்கும் முன் புரிந்துகொள்ள வேண்டும்.

நான் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியை. வசிப்பது சிட்லபாக்கத்தில். குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை எங்கள் பகுதியில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் அதிகம், தனியார் மருத்துவமனைகளும் அதிகம். ஏரிக்கரையில் காலை நடைப்பயிற்சியின்போது, "கணக்கு டீச்சர்தானே, இதைப் படிச்சுச் சொல்லும்மா" என்று பாலிசித் தாளை நீட்டும் மூத்த ஆசிரியர்கள் சிலர் உண்டு. அவர்களுக்காகப் படிக்கத் தொடங்கி, பிறகு 68 வயதான என் மாமியாருக்காகவும் படித்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே தருகிறேன்.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பணியில் இருக்கும் நமக்கும் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. திருமணமாகாத ஊழியர் என்றால் பெற்றோரும் அதில் சேர்வார்கள். திருமணமாகிவிட்டால் பெற்றோருக்கு அதில் இடமில்லை. "சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அம்மாவுக்கும் சேர்த்துத்தானே" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம் ஆசிரியர் அறைகளிலேயே இருக்கிறார்கள். ஓய்வூதியருக்கும் அவர் துணைவருக்கும் தனித் திட்டம் உண்டு. 2022 ஜூலை 1 முதல் 2026 ஜூன் 30 வரையிலான தொகுதிக்கு மாதம் 497 ரூபாய் பிடித்தம். காப்பீட்டுத் தொகை 5 லட்சம். குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்கு 10 லட்சம் வரை.

இந்த 5 லட்சம் ஓர் ஆண்டுக்கு உரியதன்று, நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து உரியது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்கு முழுவதும் இதில்தான் நிற்கிறது.

இனி டாப்-அப். இதன் மையம் 'டிடக்டிபிள்' என்ற ஒரு எண். டிடக்டிபிள் 5 லட்சம் என்றால், மருத்துவச் செலவில் முதல் 5 லட்சத்துக்கு அந்த நிறுவனம் பொறுப்பில்லை. அதற்கு மேல் வரும் ரூபாயிலிருந்துதான் அது தரும். அந்த முதல் 5 லட்சத்தை அரசுத் திட்டம் கட்டலாம், வேறு பாலிசி கட்டலாம், நாமே கையிலிருந்தும் கட்டலாம். அதைப் பற்றி நிறுவனத்துக்குக் கவலையில்லை. பெரும்பாலான சிகிச்சைகளின் பில் அந்த எல்லையைத் தொடுவதே இல்லை. அதனால்தான் பிரீமியம் கம்மி.

டாப்-அப், சூப்பர் டாப்-அப் என இரண்டு இருக்கின்றன. பெயரில் ஒரு சொல்தான் வேறுபாடு, பணத்தில் பெரிய வேறுபாடு. ஒருவர் ஒரே ஆண்டில் இரண்டு முறை மருத்துவமனையில் சேர்கிறார், ஒவ்வொரு முறையும் பில் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வெறும் டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். இரண்டுமே 5 லட்சத்தைத் தாண்டவில்லை, எனவே ஒரு ரூபாயும் வராது. சூப்பர் டாப்-அப் ஆண்டு முழுவதன் செலவைக் கூட்டிப் பார்க்கும். மொத்தம் 8 லட்சம், டிடக்டிபிள் போக 3 லட்சம் கிடைக்கும். வயதானவர்கள் ஒரே ஆண்டில் திரும்பத் திரும்பச் சேர வேண்டி வருவது வழக்கம் என்பதால், அவர்களுக்கு வெறும் டாப்-அப் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

சூப்பர் டாப்-அப் வாங்கிவிட்டால் போதுமா? இங்கேதான் அந்த நான்கு ஆண்டுக் கணக்கு குறுக்கே வருகிறது. சூப்பர் டாப்-அப்பின் டிடக்டிபிள் ஒவ்வொரு பாலிசி ஆண்டும் புதிதாகத் தொடங்கும். அரசுத் திட்டத்தின் 5 லட்சம் அப்படிப் புதுப்பிக்கப்படாது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு முதல் ஆண்டில் 3 லட்சம் செலவாகி, அரசுத் திட்டமே அதைக் கொடுத்துவிட்டது. அதில் மீதி 2 லட்சம். அடுத்த ஆண்டு 6 லட்சத்துக்கு ஒரு சிகிச்சை. அரசுத் திட்டம் மீதமுள்ள 2 லட்சத்தைத் தரும். 5 லட்சம் டிடக்டிபிள் உள்ள சூப்பர் டாப்-அப் 1 லட்சத்தைத் தரும். நடுவில் 3 லட்சம் அவர் கையிலிருந்து போக வேண்டும். இரண்டு காப்பீடும் இருக்கும், இரண்டும் தத்தம் விதிப்படி சரியாகவே பணம் தரும், ஆனாலும் 3 லட்சம் துண்டு விழும்.

அவரே 3 லட்சம் டிடக்டிபிள் உள்ள பாலிசியை எடுத்திருந்தால் அரசுத் திட்டம் 2, சூப்பர் டாப்-அப் 3, கையிலிருந்து 1 லட்சம் என்று முடிந்திருக்கும். பிரீமியம் கொஞ்சம் கூடும். ஆனால் "உங்களுக்கு அஞ்சு லட்சம் இருக்கே, அதனால அஞ்சு லட்சம் டிடக்டிபிள்" என்று ஏஜெண்ட் போடும் சமன்பாடு நம் திட்டத்துக்குப் பொருந்தாது என்பது இதிலிருந்து தெரியும். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் தனியார் பாலிசியோடு சேர்க்கும்போது மட்டுமே அது பொருந்தும். ஓய்வூதியர் என்றால் டிடக்டிபிளை 2 அல்லது 3 லட்சமாகக் குறைத்து, அந்தத் தொகையை வைப்புநிதியில் தொடாமல் வைத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இன்னொரு இடைவெளியும் உண்டு. அரசுத் திட்டத்தில் சிகிச்சைக்குத் தொகுப்புக் கட்டணம் இருக்கும், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைப் பட்டியல் இருக்கும். பில்லுக்கும் கிடைத்த தொகைக்கும் இடையே உள்ள மீதியை நோயாளியிடமே வாங்கிக்கொண்ட அனுபவம் எங்கள் நடைப்பயிற்சி வட்டத்திலேயே இருவருக்கு உண்டு. மொத்த பில் டிடக்டிபிளைத் தாண்டாதபோது சூப்பர் டாப்-அப் அந்த மீதிக்கு உதவாது. ஆகவே அது பேரிடருக்கான ஏற்பாடு. கண்புரைக்கும் மூட்டு வலிக்கும் அதை நம்பியிருக்க முடியாது.

எந்தத் திட்டத்திலும் இல்லாத பெற்றோர் விஷயம் வேறு. அவர்கள் தனிக் குடும்ப அட்டையில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை முதலில் விசாரியுங்கள். அதில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம் தரும் ஆயுஷ்மான் விரிவாக்கத்தை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கியது. கணவன், மனைவி இருவரும் 70 கடந்திருந்தால் அந்த 5 லட்சம் இருவருக்கும் பொது. தனியார் பாலிசி இருப்பவர்களும் இதில் சேரலாம். ஆனால் நீங்கள் போகப்போகும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில், அந்த அட்டையை ஏற்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

என் மாமியார் இந்த இரண்டிலும் வரவில்லை. வருமானத்தால் ஒன்றில் இல்லை, வயதால் மற்றொன்றில் இல்லை. 68 வயதில், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு முழுப் பாலிசி எடுக்கப் பிரீமியம் கேட்டபோது, வருடா வருடம் எங்களால் கட்டிக்கொண்டே போக முடியாது என்று தெரிந்தது. எனவே 3 லட்சம் டிடக்டிபிளுடன் சூப்பர் டாப்-அப் மட்டும் எடுத்தோம். அந்த முதல் 3 லட்சத்துக்கு என் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து அம்மா பெயரில் ஒரு வைப்புத்தொகை போட்டார்கள். எல்லா வீட்டுக்கும் இது ஒத்துவராது. கையில் 3 லட்சம் திரட்ட முடியாதவர்களுக்கு, சிறிய தொகைக்கானாலும் ஓர் அடிப்படைப் பாலிசியே முதல் தேவை. மேலும், மூத்தவர்களை நம் குடும்ப ஃப்ளோட்டரில் சேர்க்காமல் தனிப் பாலிசியாக எடுப்பது நல்லது. ஃப்ளோட்டரின் பிரீமியம் வீட்டில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது.

விண்ணப்பம் நிரப்பும்போது ஏஜெண்ட் என் மாமியாரிடம், "சுகர் எல்லாம் இந்த வயசுல யாருக்குத்தாம்மா இல்லை, அதைப் போட வேண்டாம்" என்றார். அவர் என்னைப் பார்த்தார். போட்டுவிடுங்கள் என்றேன். எத்தனை ஆண்டாகச் சர்க்கரை, என்ன மாத்திரை, எப்போது கண் அறுவை என்று எல்லாவற்றையும் எழுதினோம். பிரீமியம் சற்று ஏறியது. மறைத்து எடுத்திருந்தால், முதல் முறை மருத்துவமனையில் சேரும்போதே பழைய மருந்துச்சீட்டில் 'டி.எம். 12 ஆண்டுகள்' என்று மருத்துவர் எழுதியிருப்பதைக் காட்டி கிளைமை மறுக்க வழியிருக்கும். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் விதி செய்திருக்கிறது. முன்பு இது 96 மாதம். ஆனால் மோசடி என்று நிறுவிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

அதே 2024 விதிகளில் மூத்தவர்களுக்குப் பயனுள்ளவை வேறு சிலவும் உண்டு. 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி கிடையாது என்று சொல்லும் பழைய நடைமுறைக்கு இப்போது இடமில்லை. எல்லா வயதினருக்கும் பாலிசிகள் இருக்க வேண்டும். முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 48 மாதமாக இருந்தது 36 மாதமாகக் குறைந்தது. 60 வயது கடந்தவர்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலந்தாலோசிக்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக்கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது.

அந்த 36 மாதம் நம் வயதினருக்கு ஒரு செய்தி சொல்கிறது. ஓய்வு வயது 60. ஓய்வு பெற்ற மாதத்தில் பாலிசி எடுத்தால், இருக்கும் நோய்களுக்கு 63 வரை காத்திருக்க நேரிடலாம். 56, 57 வயதிலேயே எடுத்தால், அரசுத் திட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும்போதே அந்தக் காலம் கழிந்துவிடும்.

பாலிசித் தாளில் நான் முதலில் தேடுவது அறை வாடகை வரம்பு. எட்டாம் வகுப்பு வாழ்வியல் கணிதம் நடத்துபவர்கள் இதை வகுப்பில் ஒரு கணக்காகவே கொடுக்கலாம். வரம்பு நாளுக்கு 5,000 ரூபாய். நீங்கள் எடுத்த அறை 8,000 ரூபாய். வித்தியாசம் நாளுக்கு 3,000தானே என்று நினைப்போம். ஆனால் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணம் போன்றவற்றையும் 5/8 விகிதத்தில் குறைத்துத்தான் தருவார்கள். அவை 1,60,000 என்றால் 1,00,000 மட்டுமே வரும். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றை இப்படிக் குறைக்கக் கூடாது. அடுத்தது கோ-பே. 20 சதவீத கோ-பே என்றால் ஒவ்வொரு கிளைமிலும் ஐந்தில் ஒரு பங்கு நம்முடையது. மூத்த குடிமக்களுக்கென்றே விற்கப்படும் பாலிசிகளில் இது அதிகம் காணப்படும்.

வரி பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் ஜி.எஸ்.டி. என்றால் முதலில் நினைவுக்கு வருவது சாலைதான். மற்ற ஜி.எஸ்.டி., தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 18 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் முழுவதும் நீக்கப்பட்டுவிட்டது. பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்கள், மூத்த குடிமக்களான பெற்றோருக்குக் கட்டும் பிரீமியத்துக்கு 50,000 ரூபாய் வரை கழிவு பெறலாம். ரொக்கமாகக் கட்டினால் கிடையாது. புதிய வரி முறையில் இந்தக் கழிவு இல்லை.

இரண்டு காப்பீடு இருந்தால் காகித வேலையும் இரட்டிப்பு. நோயாளியைச் சேர்த்தவுடன் இரு நிறுவனத்துக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். விரிவான பில், டிஸ்சார்ஜ் சுருக்கம், பரிசோதனை அறிக்கைகள், முதல் காப்பீடு எவ்வளவு தந்தது என்ற கடிதம் எல்லாவற்றையும் நகலோடு வாங்கி வையுங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் இரண்டாவது கிளைம் நகராது.

பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரலாம். அந்த 30 நாளில் டிடக்டிபிள், அறை வாடகை, கோ-பே, காத்திருப்புக் காலம் ஆகிய நான்கையும் பென்சிலால் வட்டமிட்டுவிடுங்கள். கிளைம் நியாயமில்லாமல் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் ஏற்கும்படி இல்லை என்றால், சென்னை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்கு எழுதலாம். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் எழுத வேண்டும். அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.