கண்ணாடித் தொட்டியில் மீன்கள் மடிவதேன்?

ஹைதராபாத் நகரின் வடமேற்கே உள்ள குகட்பள்ளி, முன்னாளில் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. இன்றோ அது மாடிக் குடியிருப்புகள் நெருங்கி நிற்கும் நகர்ப்பகுதி. தோட்டமும் கிணறும் இல்லாத இத்தகைய வீடுகளில், இயற்கையின் ஒரு சிறு பகுதியைக் கூடத்திலேயே வைத்துக் காண விரும்புவோருக்குக் கண்ணாடி மீன் தொட்டி ஏற்ற சாதனமாகும். அதற்கு வேண்டிய இடம் சிறிது. குழந்தைகள் அதைக் கொண்டு கற்றறியக்கூடியவையோ பல.

எனினும், புதிதாகத் தொட்டி வாங்குவோரில் மிகப் பலருக்கு நேரும் அனுபவம் ஒன்றேயாகும். முதல் மூன்று நான்கு நாட்கள் மீன்கள் துள்ளித் திரிகின்றன. பின்னர் அவை நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இரண்டு வாரம் ஆவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக மடிகின்றன. மீன் நோயுற்றிருந்தது என்றோ, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றோ எண்ணி, வீட்டார் தொட்டியைக் காலி செய்து, கற்களையும் வடிகட்டியின் பஞ்சையும் குழாய் நீரில் நன்கு தேய்த்துக் கழுவி, வேறு மீன்களை வாங்கி விடுகிறார்கள். அவையும் அவ்வாறே மடிகின்றன. உண்மை யாதெனில், இவ்வாறு கழுவியதே இரண்டாம் முறை நேர்ந்த சாவுக்குக் காரணம். இது எவ்வாறு என்பதை அறிய, தொட்டி நீரில் நிகழும் ஓர் இரசாயன மாற்றத்தை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

மீன் உணவிலுள்ள புரதப் பொருள் சிதைவதால் அமோனியா உண்டாகிறது. மனிதரைப்போல் இதை யூரியாவாக மாற்றிச் சிறுநீராகக் கழிப்பது மீன்களின் வழக்கமன்று. பெரும்பாலான மீன்கள் செவுள்களின் வழியாக அமோனியாவை நேரே நீரில் விட்டுவிடுகின்றன. உண்ணாமல் எஞ்சிய தீனியும், கழிவும், அழுகும் இலைகளும் அதே பொருளைத் தருகின்றன. ஆற்றிலும் ஏரியிலும் இது பரந்த நீரில் கரைந்து மறைந்துவிடும். ஐம்பது லிட்டர் கொண்ட ஒரு பெட்டியில் அது எங்கே போகும்? நாளுக்கு நாள் பெருகி, மீனின் செவுள்களைப் புண்ணாக்குகிறது. மீன் மேலே வந்து வாயைத் திறப்பது பசியால் அன்று, மூச்சுத் திணறலால்.

இவ்விடத்தில் மீன் தொட்டியின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வது பயன்தரும். லண்டன் நகரில் வாழ்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞர், ஏறத்தாழ 55 லிட்டர் நீர் கொண்ட கண்ணாடிக் கலத்தில் இரண்டு சிறு பொன்மீன்களையும், வாலிஸ்நீரியா என்னும் நாடா போன்ற இலைகளையுடைய நீர்ச்செடியையும் வைத்து, நீரை மாற்றாமலே மீன்களை வளர்க்க முடியுமா என்று ஆராய்ந்தார். செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியபோது, குளத்து நத்தைகள் சிலவற்றை அதில் விட்டார். நத்தைகள் அழுகிய இலைகளைத் தின்றன, அவற்றின் முட்டைகளும் குஞ்சுகளும் மீன்களுக்கு இரையாயின, நீரும் தெளிந்தது. 1850ஆம் ஆண்டில் அவர் இம்முடிவுகளை வெளியிட்டார். செடி வெளியிடும் பிராணவாயுவை மீன் சுவாசிக்கிறது, மீன் வெளியிடும் கரியமிலவாயுவைச் செடி ஏற்கிறது, நத்தை இரண்டுக்கும் தோட்டியாக நின்று தொண்டு செய்கிறது என்பது அவர் கண்ட சமநிலை. மீனும் செடியும் நத்தையும் ஒரே தொட்டியில் வாழும் இன்றைய ஏற்பாட்டிற்கு மூலம் இதுவே.

ஆயினும் அவர் விளக்கம் முழுமையானதன்று. அமோனியா என்னவாயிற்று என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. அதற்கு விடை காண முயன்றவர்களுள் ஒருவர் அவருடைய மகனே என்பது விஞ்ஞான வரலாற்றின் சுவையான செய்திகளுள் ஒன்று. தந்தையின் பெயரையே கொண்ட அம்மகன், ராதம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணைப்பற்றி ஆராய்ந்து, அமோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாறுவதையும், இவ்விரு படிகளையும் வெவ்வேறு நுண்ணுயிர்கள் நிகழ்த்துவதையும் கண்டார். ஆனால் அவற்றைத் தனித்துப் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. 1890ஐ ஒட்டி அதில் வெற்றி கண்டவர் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. தந்தையின் தொட்டியில் மறைவாக வேலை செய்துகொண்டிருந்த உயிர்களை மகன் வயல் மண்ணில் தேடிக்கொண்டிருந்தார்!

அண்மைக் காலத்தில் இத்துறையில் மேலும் சில உண்மைகள் தெரியவந்துள்ளன. நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது நைட்ரோபாக்டர் என்னும் இனமே என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. நன்னீர்த் தொட்டிகளில் இப்பணியைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்னும் வேறோர் இனம் என்பது 1998இல் வெளியான ஆராய்ச்சியால் விளங்கிற்று. அவ்வினத்தைச் சேர்ந்த சில வகைகள் அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரையிலான இரு படிகளையும் தாமே முடித்துவிடுகின்றன என்பது 2015இல் தெரியவந்தது. அவ்வகைகளுள் சில மீன் வளர்ப்பு நீரின் வடிகட்டி ஒன்றிலிருந்தே கிடைத்தவை.

இப்பொழுது கழுவிய பஞ்சின் செய்திக்கு வருவோம். இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதந்து திரிபவை அல்ல. பஞ்சிலும் கற்களிலும் மணலிலும் மெல்லிய படலமாக ஒட்டி வாழ்கின்றன. மற்றப் பாக்டீரியாக்களைப்போல் விரைந்து பெருகுவதும் இல்லை. புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. அதற்குள் தொட்டி நிறைய மீன்களை விட்டால் மீன்கள் மடிவது இயல்பே. குளோரின் கலந்த குழாய் நீரில் பஞ்சைத் தேய்த்துக் கழுவுவது, நன்றாய் முளைத்துவரும் நாற்றங்காலை உழுது அழிப்பதை ஒக்கும். பஞ்சை அலச வேண்டுமானால், தொட்டியிலிருந்தே எடுத்த ஒரு வாளி நீரில் மெல்லப் பிழிந்தெடுப்பது போதும்.

ஆகையால், மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே தொட்டியை அமைத்துவிடுதல் வேண்டும். செடிகளை நட்டு, வடிகட்டியை இயக்கி, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் தீனியை மட்டும் இட்டு வரலாம். நெடுநாள் நன்கு இயங்கிவரும் தொட்டி ஒன்றிலிருந்து பழைய பஞ்சின் ஒரு துண்டைப் பெற்று வடிகட்டியில் வைத்தால், பாலுக்கு உறை ஊற்றியது போல வேலை விரைவில் நடைபெறும். மீனில்லாத இம்மாதத்தில் தொட்டியைக் கொசுவலையால் மூடிவைப்பது நலம். மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்டு ராஸ் 1897இல் கண்டது இதே நகரை ஒட்டிய செகந்தராபாத்தில்தான் என்பதை மறக்கலாகாது! அதன்பின் இரண்டு மூன்று சிறு மீன்களை விட்டு, இரண்டு வாரம் கழித்து மேலும் சிலவற்றைச் சேர்க்கலாம். அமோனியாவையும் நைட்ரைட்டையும் அளந்தறியும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. நைட்ரைட் மிகுந்தால் அது குருதியின் செம்பொருளைக் கெடுத்துப் பழுப்பு நிறமாக்கி, பிராணவாயுவைச் சுமக்க இயலாதவாறு செய்துவிடும். அச்சமயம் சிறிதளவு சாதாரண உப்பைச் சேர்ப்பது மீனைக் காக்கும். உப்பிலுள்ள குளோரைடு, செவுளின் வழியே நைட்ரைட் உட்புகுவதைத் தடுக்கிறது.

இனிக் குகட்பள்ளியின் நீரைப்பற்றிச் சொல்ல வேண்டும். ஹைதராபாத்துக்கு மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரி ஆகிய ஆறுகளின் நீர் குழாய்வழி வருகிறது. கோடையிலும் பற்றாக்குறைக் காலத்திலும் அடுக்ககங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரும் லாரி நீரும் அதே நிலத்தடித் தொட்டியில் கலக்கின்றன. ஆற்று நீரில் குளோரின் உண்டு. கருங்கல் பாறையின் வெடிப்புகளில் ஊறிய கிணற்று நீரிலோ கால்ஷியம், மக்னீஷியம் உப்புகள் மிகுந்திருப்பது வழக்கம். ஆகவே நேற்றுக் குழாயில் வந்த நீரும் இன்று வருவதும் மீனுக்கு ஒன்றல்ல. குளோரினைப் போக்க ஒரு நாள் திறந்த வாளியில் நீரை வைத்திருக்கலாம். அல்லது புகைப்படக்காரர்கள் ‘ஹைப்போ’ என்று வழங்கிவந்த ஸோடியம் தயோஸல்பேட்டைச் சில படிகங்கள் சேர்க்கலாம்.

கிணற்று நீரில் இன்னொரு நுட்பம் உண்டு. அமில கார நிலையைக் காட்டும் பி.எச். எண் 7 ஆக இருக்கும்போது, 25 டிகிரி வெப்பத்தில், நீரிலுள்ள மொத்த அமோனியாவில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவே கொடிய நச்சு வடிவில் இருக்கும். எண் 8 ஆனால் அது 5 பங்குக்கு மேல் ஆகிறது. 9இல் மூன்றில் ஒரு பங்கைக் கடந்துவிடும். காரத்தன்மையுள்ள கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் தீனியை மற்றவர்களைவிடக் குறைத்தே இட வேண்டும் என்பது இதனால் தெளிவாகும்.

இதற்கு அஞ்சிச் சிலர் ஆர்.ஓ. கருவியில் வடித்த குடிநீரையே தொட்டியில் நிரப்புகின்றனர். இது தவறான சிக்கனம் மட்டுமன்று, தீங்கும் ஆகும். உப்புகள் நீங்கிய நீரில் நத்தையின் ஓடு அரிக்கப்பட்டு வெண்மையாகித் துளைபடும். இறால் தன் மேலோட்டை உரித்துப் புதிய ஓட்டை உருவாக்கிக்கொள்ளக் கால்ஷியம் இன்றி மடியும். கடின நீரும் வடித்த நீரும் பாதிக்குப் பாதி கலந்து பயன்படுத்துவதே பெரும்பாலோருக்கு ஏற்ற வழி என்பது எமது கருத்து.

இறால்களைத் தொட்டியில் வளர்ப்பது நம் நாட்டில் அண்மையில் பரவிய வழக்கம். சீனம், தைவான் முதலிய நாடுகளைச் சேர்ந்த, இரண்டு மூன்று ஸெண்டிமீட்டர் நீளமே உள்ள செர்ரி இறால் இதற்கு மிகவும் ஏற்றது. நமது ஆற்றுப் பெரிய இறாலின் குஞ்சுகள் வளர உவர்நீர் தேவை. செர்ரி இறாலோ முட்டைகளை வயிற்றின் அடியில் மூன்று நான்கு வாரம் சுமந்து, நன்னீரிலேயே தன் உருவத்தை ஒத்த நுண்ணிய குஞ்சுகளைப் பொரிக்கிறது. பாசியை மேய்ந்து வாழ்வதால் தீனிச் செலவும் சிறிது. ஆனால் மீன்களின் நோய்க்கு இடும் மருந்துகள் சிலவற்றில் செம்பு உண்டு. மீன் தாங்கும் அளவு செம்பே இறாலையும் நத்தையையும் ஒரே இரவில் கொன்றுவிடும். இவற்றின் குருதியில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளிலேயே செம்பு அடங்கியுள்ளது என்பதை எண்ணும்போது இது வியப்பாகவே தோன்றும். தட்டையாகச் சுருண்ட ஆட்டுக்கொம்பு நத்தைகள் இதற்கு விலக்கு. அவற்றின் குருதியில் நம்முடையதைப் போன்ற சிவந்த பொருளே உள்ளது.

நத்தைகளை ஏரியிலிருந்து நேரே பிடித்து வந்து தொட்டியில் விடுதல் கூடாது. கால்நடைகளைத் தாக்கும் குருதித் தட்டைப்புழுக்களின் இளம் பருவம் நம் குளத்து நத்தைகள் சிலவற்றினுள்ளே வளர்கிறது. அவை நீரில் கை வைப்போரின் தோலில் அரிப்பை உண்டாக்கக்கூடும். தொட்டியில் பிறந்த நத்தைகளைப் பெறுவதே நன்று. நத்தைகள் அளவுக்கு மீறிப் பெருகினால், தீனி மிகுதியாக இடப்படுகிறது என்று பொருள்.

கோடைக்காலத்தில் நீர் சூடேறும்போது அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. கடல் மட்டத்தில் 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல் இருப்பது, 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம் ஆகிவிடும். மின்சாரம் நின்றால் முதலில் துன்புறுவன பொன்மீன்கள். சண்டைமீன் அப்பொழுதும் அமைதியாக இருக்கும். ஏனெனில் அது மேலே வந்து காற்றையே சுவாசிக்க வல்லது. 2016இல் தெலங்கானாவின் மாநில மீனாக அறிவிக்கப்பட்ட விராலும், நம் பனையேறிக்கெண்டையும் இவ்வாற்றல் பெற்றவையே. ஆனால் காற்றைச் சுவாசிக்கும் மீனுக்கும் அமோனியா நஞ்சே. சண்டைமீனைக் குவளையளவு நீரில் அடைத்து வைப்போர் இதைக் கருதுவதில்லை.

தொட்டியை வைத்துக்கொள்ள இயலாது போகும்போது, அதிலுள்ளவற்றை அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுவது கருணைச் செயல் என்று பலர் எண்ணுகின்றனர். குகட்பள்ளியின் கால்வாய் ஹுசேன் சாகரில் சேர்கிறது. ஹுசேன் சாகரின் மிகுநீர் மூசி ஆற்றுக்கும், மூசி கிருஷ்ணாவுக்கும் செல்கின்றன. ஆகவே இங்கு விடப்படும் உயிர் இவ்வூரோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை. கண்ணாடியை ஒட்டிப் பாசி தின்பதற்காக வாங்கப்படும் தென்னமெரிக்க உறிஞ்சுவாய் மீன், தொட்டியில் விரல் நீளமாக இருந்து, பின் முழ நீளம் வளர்ந்து, ஏரியில் எறியப்படுகிறது. ஆந்திரம், தெலங்கானா, தமிழ்நாடு, கேரளம், வங்காளம் ஆகிய பகுதிகளின் நீர்நிலைகளில் இது பரவிவிட்டது. இதன் முள் நிறைந்த தோல் மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. இதற்குச் சந்தையில் விலையும் இல்லை. நீரில் கலந்திருக்கும் மரபுப் பொருளைக் கொண்டே இம்மீன் ஓரிடத்தில் இருப்பதைக் கண்டறியும் முறையை ஹைதராபாத்திலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகள் அண்மையில் கையாண்டுள்ளனர்.

வேண்டாத மீன்களை வேறொரு தொட்டிக்காரரிடமோ கடையிலோ ஒப்படைக்கலாம். வாரந்தோறும் தொட்டியிலிருந்து கால் பங்கு நீரை எடுத்துப் புது நீர் ஊற்ற வேண்டியிருக்கும். அவ்வாறு எடுத்த நீரில் நைட்ரேட் மிகுந்திருப்பதால், மாடத்திலுள்ள துளசிக்கும் ரோஜாவுக்கும் அது நல்ல உரமாகும். தொட்டிச் செடியின் துணுக்குகளும் நத்தை முட்டைகளும் சாக்கடைக்குச் செல்லாதிருக்க, அந்நீரை ஒரு துணியில் வடித்து ஊற்றுவது போதுமானது.