கோழிக்குத் தர்ப்பூசணி போடலாமா?

தெப்ராவ் வட்டாரத்தில் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலத்தில் பெரும்பகுதி இன்று வீடமைப்புகளாகவும் கடைத்தெருக்களாகவும் மாறிவிட்டது. லயத்தை விட்டு வந்தவர்கள் பலர் கோழியை மட்டும் விடவில்லை. வீட்டின் பின்புறம் நாலு பலகையும் கொஞ்சம் கம்பி வலையும் இருந்தால் போதும், பத்துக் கம்பத்துக் கோழி வளர்ந்துவிடும். பிள்ளைகளுக்கு முட்டை, தீபாவளிக்குக் குழம்பு, அவசரத்துக்கு இரண்டு சேவலை விற்றால் கையில் காசு. வீட்டுப் பெண்களின் கையில் தனியாகப் புழங்கும் பணம் பெரும்பாலும் இதுதான்.

இரவுச் சந்தை முடியும் நேரத்தில் வெடித்த தர்ப்பூசணி சும்மாவே கிடைக்கும். கோழியும் அந்தச் சிவப்பைக் கண்டால் ஓடி வந்து கொத்தும். அதைப் போடலாமா, கூடாதா? "போட்டா கழியுதுங்க" என்பார் ஒருவர். "விதை தொண்டையில அடைச்சிரும்" என்பார் இன்னொருவர். "எங்க கோழிங்களுக்கு அது மட்டும்தான் தீனி" என்று பெருமையடிப்பவரும் உண்டு. இந்த மூவரில் கடைசியாகச் சொன்னவரை நினைத்துத்தான் நமக்குக் கவலை.

முதலில் வெயிலைப் பார்ப்போம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடு நம்மைவிட அதிகம்; சாதாரணமாகவே 41, 42 டிகிரி. பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் வாயைப் பிளந்து இரைக்கும், இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளும். இரைக்கும்போது ஆவியாகிப் போகும் ஈரம்தான் அதன் உடம்பைக் குளிர வைக்கிறது. ஜொகூரில் காற்றிலேயே ஈரம் மிகுதி. ஆகவே இரைத்தும் சூடு முழுதாகத் தணிவதில்லை. நல்ல வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அடைத்து வைத்த கோழி சாயங்காலத்துக்குள் செத்துக் கிடப்பது இதனால்தான். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அடுத்த வீட்டாரோடு சண்டைக்குப் போக வேண்டாம். கூரையின் மேல் நாலு தென்னை ஓலையைப் பரப்புங்கள்.

இந்த வேளையில் தர்ப்பூசணி உண்மையாகவே உதவும். நூறு பங்கு பழத்தில் ஏறக்குறைய 92 பங்கு தண்ணீர். வெயிலில் சோர்ந்து தீனியைத் திரும்பிப் பார்க்காத கோழிகூட இதைக் கொத்தும். ஆனால் மீதமுள்ள எட்டுப் பங்கில் பெரும்பாலானது சர்க்கரை. உடம்பை வளர்க்கும் புரதம் ஒரு பங்குகூட இல்லை. முட்டைக் கோழித் தீனியில் புரதம் நூற்றுக்கு 16 பங்காவது இருக்க வேண்டும். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். ஒரு முட்டைக்கு மட்டும் கோழியின் உடம்பிலிருந்து சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. பழத்தால் தீனிப் பையை நிரப்பிக்கொண்ட கோழி தீனியைத் தின்னாது. சில நாளில் முட்டை குறையும், ஓடு மெலிந்து கையிலேயே நொறுங்கும்.

தீனி விலை நமக்குத் தெரியாததல்ல. சோளமும் சோயாவும் வெளிநாட்டிலிருந்து வருவதால் அங்கே விலை ஏறினால் இங்கேயும் ஏறும். 2022-ல் அப்படி ஏறிக் கோழிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஜூன் 1 முதல் அரசாங்கம் கோழி ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். பெரிய பண்ணைக்கே அந்தப் பாடு. சும்மா கிடைக்கும் பழத்தில் சமாளிக்கலாம் என்ற ஆசை நமக்கு வருவது இயல்புதான். இருந்தாலும், தீனியில் மிச்சம் பிடித்தது முட்டையில் போய்விடும்.

அளவு இதுதான். ஒரு நாளில் கோழி தின்பதில் பத்தில் ஒன்பது பங்கு தீனியாக இருக்கட்டும். பழம், காய்கறித் துண்டு, மிஞ்சிய சோறு எல்லாம் சேர்ந்து மீதி ஒரு பங்குக்குள் அடங்கட்டும். பத்துக் கோழிக்கு அரைக் கிலோ தர்ப்பூசணி தாராளம். காலையில் தீனி தின்று முடித்த பிறகு, நடுப்பகல் சூட்டில் நிழலில் வையுங்கள். தினமும் வேண்டியதில்லை. பழம் கொடுத்தோம் என்று தண்ணீர்ச் சட்டியைக் காயவிடவும் கூடாது.

தண்ணீர்ச் சட்டி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. புல்லுக்கு மருந்தடித்த காலி டின்னைக் கழுவிக் கோழிக்குத் தண்ணீர் வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் அது ஆகாது. பாராகுவாட் என்ற மருந்து 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. மற்ற மருந்துகள் புழக்கத்தில்தான் இருக்கின்றன. பழத் தோலிலும் மருந்து ஒட்டியிருக்கலாம். வெட்டுவதற்கு முன் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

விதைக்குப் பயப்பட வேண்டாம். கோழி அறுத்தவர்களுக்குத் தெரியும்: வயிற்றில் இருக்கும் அரைவைப் பையைப் பிளந்தால் மணலும் சின்னக் கல்லும் இருக்கும். அதுதான் கோழியின் அம்மி. மண்ணைக் கிளறித் திரியும் கோழிக்கு விதை ஒரு பொருட்டே இல்லை. கூண்டிலேயே அடைபட்ட கோழிக்கு மட்டும் ஒரு தட்டில் பருமணல் வையுங்கள். குஞ்சுகளுக்குப் பழம் அவசரமில்லை, முதல் சில வாரம் குஞ்சுத் தீனியே போதும். தோலின் உள்பக்க வெள்ளையைக் கோழி விரும்பிக் கொத்தும். பச்சைத் தோலை நீளமாக அரிந்து போடாதீர்கள். விழுங்கினால் தீனிப் பையில் அடைத்துக்கொள்ளலாம். நாம் உப்பும் அசாம் பொடியும் தூவித் தின்ற மிச்சம் கோழிக்கு வேண்டாம். உப்பு அதற்கு ஆகாது.

புளித்த பழமும் பூஞ்சணம் பிடித்த பழமும் நேரே குப்பைக்கு. நல்ல பழமானாலும் அரை மணி நேரத்தில் மிச்சத்தை அள்ளிவிடுங்கள். ராத்திரி முழுக்கக் கிடந்தால் எறும்பு, ஈ, எலி எல்லாம் வரும்; எலியின் பின்னாலேயே பாம்பு வரும். அடுத்த வீட்டார் ஊராட்சி மன்றத்தில் புகார் செய்ய வேறு காரணமே வேண்டாம்.

கழிச்சலுக்கு வருவோம். தண்ணீர்ப் பழம் தின்றால் எச்சமும் தண்ணீராகத்தான் போகும். கோழி சுறுசுறுப்பாக இருந்தால் அது நோயில்லை, பழத்தை நிறுத்தினால் சரியாகிவிடும். எச்சத்தில் இரத்தம் கண்டாலோ, பச்சையாகக் கழிந்து கழுத்துத் திருகிக்கொண்டாலோ, ஒரே நாளில் பல கோழி விழுந்தாலோ பழத்தின் மேல் பழி போட்டுச் சும்மா இருக்காதீர்கள். கழுத்தைத் திருகுவது இராணிக்கேத் நோயாக இருக்கலாம். அதற்கு முன்கூட்டியே போடும் தடுப்பு மருந்துதான் வழி. 2004-ல் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் வந்ததையும் மறக்க வேண்டாம். கோழிகள் கூட்டமாகச் செத்தால் அறுத்துக் குழம்பு வைக்காமல், மிச்சத்தை அவசரமாக விற்காமல், முதலில் கால்நடை மருத்துவ அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை பிள்ளைகளைக் கூண்டுப் பக்கம் விட வேண்டாம். செத்ததைத் தெப்ராவ் ஆற்றிலோ கால்வாயிலோ வீசவும் வேண்டாம்.